வேறு ஏதாவது வேண்டுமா?

அந்தத் தாள் மூன்று வாரமாகச் சேனோவின் சட்டைப் பையில் இருந்தது. தினமும் சட்டை மாறியது. தாள் மட்டும் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குக் குடிபோய்க்கொண்டே இருந்தது. நான்காக மடித்த ஓரங்கள் வியர்வையில் ஊறிக் காய்ந்து, மறுபடி ஊறி, பழந்துணி மாதிரி ஆகிவிட்டிருந்தன. அதில் எழுதியிருந்தது அவனுக்கு மனப்பாடம். எழுதியவள் விதுரி.

'ஒப்புக்கொண்ட வேலை: பேருந்து இருக்கைகளைப் பதிவு செய்ய ஒரு பக்கம். இதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் பதிவு தொடங்கும் நாள் தள்ளிப்போகும்.' கீழே ஒரு கோடு. கோட்டின் மேல் வேலை கொடுத்த பாக் கார்யந்தோ கையெழுத்துப் போடவேண்டும்.

இந்தோனேசியாவின் சோலோ நகரத்தில், துணி வெளுக்கும் கடை ஒன்றின் மாடியில் அவர்களுடைய அலுவலகம். இரண்டு மேஜை, ஒரு மின்விசிறி, எப்போதும் சோப்பு வாசனை. வெப்சைட்டுகளுக்குக் கோட் எழுதுவது விதுரி. ஆட்களிடம் போய்ப் பேசி வேலை கொண்டுவருவது சேனோ. "நான் கை, நீ வாய். அந்த வாயில 'இல்ல'ங்கிற வார்த்தையை மட்டும் வைக்க மறந்துட்டாங்க" என்பாள் விதுரி. சேனோ சிரிப்பான். அவனுக்கு அது பாராட்டாகவே கேட்கும்.

பாக் கார்யந்தோ, வோனோகிரியில் இருந்துகொண்டு ஒரு சங்கம் நடத்தினார். ஜகார்த்தாவில் தள்ளுவண்டி வைத்து பக்சோ என்னும் இறைச்சி உருண்டை சூப் விற்கிற வோனோகிரிக்காரர்களின் சங்கம். அவரே முப்பது வருடம் வண்டி தள்ளியவர். கொதிசூப் தெறித்த தழும்புகள் முன்னங்கை முழுக்க இருந்தன. குரல் மட்டும் பஞ்சு. ஒவ்வொரு வருடமும் பெருநாளுக்கு ஐந்து நாள் முன்னால் சங்கம் பன்னிரண்டு பேருந்துகள் பிடித்து, ஜகார்த்தாவில் இருக்கும் தன் ஆட்களை ஊருக்குக் கூட்டிவரும். இருக்கைப் பதிவு போன வருடம் வரைக்கும் போனிலும் நோட்டுப் புத்தகத்திலும்தான் நடந்தது. போன வருடம் அந்த நோட்டில் ஒரு சட்டிக் குழம்பு கொட்டி, மூன்று பேருந்துகள் மஞ்சளாகக் கரைந்துபோயின.

"அதனாலதான் மாஸ், இந்த வருஷம் வெப்சைட்டு" என்றார் பாக் கார்யந்தோ, சேனோ முதன்முதலாகப் போனபோது. அந்தப் பக்கம் ஆண்களை அண்ணன் தம்பி முறையில் 'மாஸ்' என்பார்கள்; பெரியவர்களை 'பாக்', அதாவது ஐயா. சோலோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டி வந்திருந்தான். மூடி போட்ட கண்ணாடி டம்ளரில் இனிப்புத் தேநீர், பக்கத்தில் ஒரு தட்டு முந்திரி. மூன்றாவது தடவை "குடிங்க" என்று சொல்லும்வரை சேனோ டம்ளரைத் தொடவில்லை.

"எங்க ஆளுங்களுக்கு நேரம் கிடையாது. ஒரு கைல கரண்டி, ஒரு கைல போனு. பேரு, நம்பரு, சீட்டு. அமுக்கினா சீட்டு வந்துடணும். அவ்வளவுதான் வேணும்."

"ரொம்பச் சுலபம், பாக்."

வேலை பேசி முடிந்தது. முடிந்த உடனே எழுந்து போய்விட யாருக்கு மனசு வரும்? மழையைப் பற்றிப் பேசினார்கள். அணையில் தண்ணீர் ஏறியதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு சேனோ இடுப்பை லேசாக முன்னால் நகர்த்தி, எங்கே போனாலும் கிளம்புவதற்கு முன் கேட்கிறதைக் கேட்டான்.

"வேற ஏதாவது வேணுமா, பாக்?"

பாக் கார்யந்தோ கூரையைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் அவர் மனைவி நின்றிருந்த திசையைப் பார்த்தார். "ம்ம்... தலைவர் வாழ்த்துன்னு ஒண்ணு. போட்டோவோட. முடியலன்னா விட்டுடுங்க, மாஸ்."

"ஏன் முடியாது? முடியும் பாக்."

அங்கிருந்துதான் ஆரம்பித்தது. இரண்டாவது தடவை போனபோது பழைய பயணங்களின் படங்கள், நூற்றெண்பது. மூன்றாவது தடவை, பேருந்து இப்போது எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று காட்டும் வரைபடம். நான்காவது தடவை, வழியில் எந்த ஊரில் எத்தனை மணிக்கு நோன்பு திறப்பது என்ற பட்டியல். ஒவ்வொரு தடவையும் அதே தேநீர், அதே முந்திரி, எழுவதற்கு முன் அதே கேள்வி. ஒவ்வொரு தடவையும் பெரியவர் கூரையைப் பார்த்தார். கடைசியில் அதே "முடியலன்னா விட்டுடுங்க".

விதுரியிடம் வந்து சொல்லும்போது அந்தக் கடைசி வாக்கியத்தைச் சேனோ சொல்வதில்லை.

"வரைபடமா?" விதுரி நாற்காலியைச் சுழற்றினாள். "அடுத்த தடவை ஒட்டகம் கேப்பாரு. முடியும் பாக்னு தலையாட்டிட்டு வந்து என்கிட்ட கயித்தை நீட்டு."

"நான் என்ன பண்றது? பிடிவாதமா நிக்கிறாரு."

அது பொய். சொல்லும்போது பொய் மாதிரித் தெரியவில்லை. மழைக்குக் குடை விரித்ததுபோல, இருவருக்கும் நடுவே எதையோ விரித்துப் பிடித்ததாகத்தான் தோன்றியது. வோனோகிரியில் அதே குடையை மறுபக்கம் திருப்பிப் பிடித்தான். "எங்க விதுரிக்கு இதெல்லாம் செய்யறதுன்னா கொள்ளை ஆசை, பாக். இன்னும் என்ன சேக்கலாம்னு அவளே கேக்கறா."

நோன்புப் பட்டியல் வந்து சேர்ந்த அன்றைக்குத்தான் விதுரி அந்தத் தாளை எழுதி அச்செடுத்தாள். "இதுல ஒரு கையெழுத்து. உன்னால வாயைத் திறக்க முடியலன்னா இதை மேஜைல வெச்சுட்டுச் சும்மா உக்காரு. தாளு பேசும்."

ஐந்தாவது தடவை தாள் பையில் இருந்தது. பெரியவர் தேநீர் மூடியைத் தானே எடுத்து வைத்து "குடிங்க" என்றார். சேனோவின் கை பைவரைக்கும் போயிற்று. மார்பைச் சொறிந்துவிட்டுத் திரும்பியது. பக்சோ வண்டிகளுக்கு அழகுப் போட்டி, ஓட்டுப் போடும் வசதியோடு. முடியும் பாக். ஆறாவது தடவை, உறுப்பினர்களின் பிறந்தநாள் வாழ்த்து. முடியும் பாக்.

"கையெழுத்துப் போட்டாரா?" என்று விதுரி கேட்டாள்.

"பாத்தாரு."

"பாத்து?"

"யோசிச்சுச் சொல்றேன்னாரு."

ஏழாவது தடவை நோன்பு மாதம் பிறப்பதற்கு நான்கு நாள் இருந்தது. பதிவு, நோன்பின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என்று எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. "ரெண்டு நாள் எனக்கு வேணும்" என்று விதுரி சொல்லியிருந்தாள். "ஒரே சீட்டை ரெண்டு பேரு ஒரே நேரத்துல அமுக்கினா என்ன ஆகுதுன்னு நான் இன்னும் சோதிச்சுப் பாக்கலை. ஆயிரம் பேரு ஒண்ணா வந்து விழுவாங்க, சேனோ. அந்த ரெண்டு நாளை மட்டும் யாருக்கும் குடுத்துடாத."

அன்று பாக் கார்யந்தோ வெகுநேரம் கூரையைப் பார்த்தார். உள்ளே போய்விட்டுக்கூட வந்தார். "பக்கத்தைத் திறந்ததும் சங்கப் பாட்டு பாடினா நல்லா இருக்குமோ? முடியலன்னா..."

"முடியும் பாக்."

அந்த இரண்டு நாட்களும் பாட்டுக்குப் போயின.

ஞாயிற்றுக்கிழமை காலை பக்கம் திறந்தது. பாட்டு பாடியது. தலைவர் சிரித்தார். நூற்றெண்பது படங்களும் ஒவ்வொன்றாக மூச்சுவாங்கி மேலே வந்தன. ஜகார்த்தாவிலிருந்து வாழ்த்துகள் குவிந்தன. யாரோ ஒருவர் பாட்டோடு சேர்ந்து பாடி அனுப்பியிருந்தார். நாற்பது நிமிடத்தில் எல்லாப் பேருந்துகளும் நிரம்பிவிட்டன. சேனோ பெருமையோடு ஜன்னலைத் திறந்துவிட்டான்.

"சேனோ" என்றாள் விதுரி. குரலில் கிண்டல் இல்லை. "பன்னண்டு அம்பது எவ்வளவு?"

"அறுநூறு."

"அறுநூத்தி முப்பத்தோரு பேருக்கு 'உங்கள் இருக்கை உறுதி'ன்னு போயிருக்கு."

அவள் திரையைத் திருப்பினாள். படங்களும் பாட்டும் ஏறியதில் சர்வர் திணறி, இருக்கை நிரம்பிவிட்டது என்று குறித்துக்கொள்ளவே இரண்டு மூன்று நொடிகள் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் இன்னொருவர் அதே இருக்கையை அமுக்கினால், அவருக்கும் உறுதி. முப்பத்தொரு இருக்கைகளுக்கு இரண்டிரண்டு சொந்தக்காரர்கள்.

"நாளைக்கு நானும் வோனோகிரிக்கு வரேன்" என்றாள் விதுரி. "அவரு மூஞ்சியைப் பாத்து ஒரு கேள்வி கேக்கணும்."

சேனோவின் கை தானாகவே பையை மூடிக்கொண்டது.

மறுநாள் மதியம் அதே கூடம். நோன்பு நேரம் என்பதால் மேஜையில் எதுவும் இல்லை. மூடியைச் சுழற்றிக்கொண்டிருக்க ஒரு டம்ளர்கூட இல்லாமல் சேனோவின் கைகள் மடியில் கிடந்தன. விதுரி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். பாக் கார்யந்தோ குறுக்கிடாமல் கேட்டார். பிறகு போனை எடுத்துத் தெரிந்த பேருந்துக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பெருநாள் சமயத்தில் ஜகார்த்தாவில் ஒரு வண்டியும் சும்மா நிற்காது என்று அவருக்கே தெரியும், ஆனாலும் கூப்பிட்டார். கடைசியில் அவர் தம்பி, பன்னிரண்டு பேர் போகிற தன்னுடைய வேனைத் தருவதாகச் சொன்னார். கைக்குழந்தைக்காரர்களும் வயதானவர்களுமாகப் பன்னிரண்டு பேரை அதில் ஏற்றுவது என்று முடிவாயிற்று.

"அப்ப மிச்சம் பத்தொம்பது பேரு" என்றார் பெரியவர்.

விதுரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பாக், தப்பா நினைக்காதீங்க. ஒண்ணு கேக்கணும். இதுக்கு மேல எதுவும் சேக்க வேண்டாம், சேத்தா நாள் தள்ளிப்போகும்னு ஒரு தாள் எழுதிக் குடுத்தேனே. அதைப் பாத்தப்புறமும் ஏன் பாக் பாட்டு வேணும்னு நின்னீங்க?"

பாக் கார்யந்தோ அவளைப் பார்த்தார். பிறகு சேனோவைப் பார்த்தார். அதிக நேரம் இல்லை, ஒரு மூச்சு இழுத்துவிடுகிற நேரம். அந்த நேரத்துக்குள் அந்தக் கண்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டதைச் சேனோ கண்டான். கோபத்துக்காகக் காத்திருந்தான். கோபம் வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"பாத்தேன்ம்மா" என்றார் பெரியவர், பஞ்சுக் குரலில். "பாத்தேன். உங்க மாஸ் நல்லாத்தான் எடுத்துச் சொன்னாரு. நான்தான் கேக்கலை. கிழவனோட ஆசை. என்னை மன்னிச்சிடு."

சொல்லிவிட்டு, தன்னைவிட நாற்பது வயது சின்னப் பெண்ணின் முன்னால் தலையைக் குனிந்தார்.

சேனோவுக்குக் காது இரண்டும் சூடேறின. அவன் முகத்தைக் காப்பாற்ற அந்த மனிதர் தன் முகத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டதுபோல் இருந்தது. சும்மா இருந்தால் போதும். எல்லாம் இப்படியே மூடிப்போகும். விதுரிக்குத் தெரியவராது. பெரியவரும் சாகும்வரை சொல்லமாட்டார். ஒரு கணம், உண்மையாகவே ஒரு கணம், அவன் சும்மாதான் இருந்தான். பின்னால் அவன் எதை மறந்தாலும் அந்த ஒரு கணத்தை மட்டும் மறக்க முடியவில்லை.

பிறகு பைக்குள் கைவிட்டுத் தாளை எடுத்து மேஜையில் வைத்தான். பிரித்துவைக்கக்கூட முடியவில்லை, மடிப்பில் கிழிந்தது.

"அவரு பாக்கலை, விதுரி" என்றான். "நான் காட்டவே இல்லை. அவரு பிடிவாதமும் பிடிக்கலை. ஒவ்வொரு தடவையும் முடியலன்னா விட்டுடுங்கன்னுதான் சொன்னாரு."

விதுரி தாளின் கிழிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏழு தடவையும்?"

"ஏழு தடவையும்."

பிறகு பாக் கார்யந்தோ தொண்டையைச் செருமினார். "நானும் ஒண்ணு சொல்லிடறேன், மாஸ். நீங்க ஒவ்வொரு தடவையும் வேற என்ன வேணும்னு கேட்டீங்க. அவ்வளவு தூரம் வண்டில வந்த பிள்ளை ஆசையா கேக்குது. ஒண்ணும் வேண்டாம்னு சொன்னா உங்க வேலை எனக்குப் பிடிக்கலன்னு நினைச்சுப்பீங்களோன்னு பயம். நீங்க வரதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே உக்காந்து யோசிக்க ஆரம்பிச்சிடுவேன், என்ன கேக்கலாம்னு."

திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "பாட்டு நான் சொன்னது, மாஸ். அன்னைக்கு இவருக்கு ஒண்ணுமே தோணலை. உள்ள ஓடி வந்து 'ஏதாச்சும் சொல்லு, ஏதாச்சும் சொல்லு, பிள்ளை காத்துட்டு இருக்குது'ன்னாரு. எனக்குப் பாட்டுதான் ஞாபகம் வந்துச்சு."

விதுரி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சேனோவுக்குத் தெரியவில்லை. கேட்கும் உரிமையும் தனக்கு இல்லை என்று தோன்றியது.

"சரி" என்றாள் கடைசியில், கண்ணைத் துடைத்துக்கொண்டு. இரண்டாவதாக அமுக்கியவர்களில் வேனிலும் இடம் கிடைக்காதவர்களின் பட்டியலை எடுத்து வைத்தாள். பத்தொன்பது பெயர், பத்தொன்பது எண். "இவங்களுக்கு யாரு சொல்றது?"

"நான் பேசறேன்" என்றார் பெரியவர். "எங்க ஆளுங்க."

"இல்ல பாக்" என்றான் சேனோ. "நான்தான் பேசணும்."

பட்டியலில் முதல் பெயர் சுமிரா. மணியடித்த உடனே எடுத்தாள். அவன் சொன்னதைக் கேட்டதும் வெடித்தாள். "சீட்டு இல்லையா? ஊருக்கெல்லாம் சொல்லிட்டேனே! அம்மாகிட்ட எந்த ஜன்னல்ல உக்காருவேன்னு வரைக்கும் சொல்லிட்டேன். நல்ல வெப்சைட்டுய்யா. பாட்டு மட்டும் ஜோரா பாடுது, சீட்டுதான் இல்லை!" திட்டு வாங்குவது சேனோவுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் திட்டி ஓய்ந்து அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டபோது அவனால் தாங்க முடியவில்லை. "பாக்கலாம்க்கா. யாராவது வரலைன்னா முதல்ல உங்களுக்குத்தான் சொல்வேன்" என்றான்.

"நிஜமாவா தம்பி?" அவள் குரல் உடனே மலர்ந்தது.

மற்றவர்கள் திட்டவில்லை. "பரவாயில்ல மாஸ்" என்றார்கள். "மெஷின்தானே, அதுக்கென்ன தெரியும்" என்றார்கள். "நான்தான் மெதுவா அமுக்கிட்டேன் போல" என்றார் ஒருவர். வெப்சைட்டில் கோளாறு என்று மட்டும் அவன் சொன்னான். ஒவ்வொரு "பரவாயில்ல"வும் உள்ளே ஒரு கல்லாக விழுந்தது. அந்தக் கனம் தாங்காமல் ஒவ்வொரு போனின் முடிவிலும் அதையே சொன்னான்: பாக்கலாம், யாராவது வரலைன்னா முதல்ல உங்களுக்குத்தான்.

பதினெட்டாவது போனை வைத்தபோது வெளியே வெயில் சாய்ந்திருந்தது. எதிரே உட்கார்ந்து பட்டியலில் குறித்துக்கொண்டே வந்த விதுரி பேனாவை மூடினாள்.

"யாராவது வராம இருப்பாங்களா, பாக்?" என்று கேட்டாள்.

"இருபது வருஷத்துல ஒரு சீட்டு காலியா வந்ததில்லைம்மா."

விதுரி சேனோவிடம் திரும்பினாள். கத்தவில்லை. "என் கோட் ஒரு சீட்டை ரெண்டு பேருக்குக் குடுத்துச்சு. நீ இல்லாத ஒரு சீட்டைப் பதினெட்டு பேருக்குக் குடுத்திருக்க."

அவன் பட்டியலைப் பார்த்தான். பதினெட்டுப் பேர் இந்நேரம் வேறு வழி தேடாமல் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவன் அவர்களுக்குக் கொடுத்தது ஆறுதல் இல்லை. அவர்கள் திட்டாமல் போனை வைப்பதற்காகத் தனக்குத்தானே வாங்கிக்கொண்டது.

கடைசிப் பெயர் கியோனோ. எடுத்தபோது பின்னால் கிண்ணங்கள் உரசின; நோன்பு திறக்கிற நேரத்து வியாபாரத்துக்கு வண்டியைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

"சங்கத்துலேர்ந்தா? சொல்லுங்க மாஸ்! வெப்சைட்டு பிரமாதம். என் மகளுக்கு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன், போன்லயே கேட்டுக் கேட்டுத் தூங்கறாளாம். ரெண்டு வருஷமாச்சு அவளைப் பாத்து."

சேனோ சொன்னான். மறுமுனையில் கிண்ணங்களின் சத்தம் நின்றது.

"பரவாயில்ல மாஸ்" என்றார் கியோனோ. "யாராச்சும் வரலைன்னா... ஒரு வார்த்தை சொல்வீங்கள்ல?"

பாக்கலாம் என்ற சொல் நாக்கின் நுனிவரைக்கும் வந்து, பழகிய வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நின்றது.

"இல்ல மாஸ்" என்றான் சேனோ. "யாரும் வராம இருக்க மாட்டாங்க. கிடைக்காது. என்னை நம்பிக் காத்திருக்காதீங்க."

அமைதி. அந்த அமைதிக்குள் எதையாவது போட்டு நிரப்ப வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"சரி" என்றார் கியோனோ. குரல் தளர்ந்திருந்தது; ஆனால் அதில் ஒரு அசைவு இருந்தது. "அப்ப நாளைக்குக் காலைல ஸ்டேஷனுக்குப் போய்ப் பாக்கறேன். கூடுதல் ரயிலுக்கு டிக்கெட்டு தராங்களாம். கிடைக்குதோ என்னமோ. சீக்கிரம் போய் நின்னாதான் உண்டு. வேற ஏதாவது சொல்லணுமா, மாஸ்?"

விடைபெறுவதற்கு முன் எல்லோரும் கேட்கிற கேள்விதான். சேனோவுக்கு அது இன்று முதல்முறையாகக் கேட்பதுபோல் இருந்தது.

"ஒண்ணு இருக்கு. கோளாறு வெப்சைட்டுல இல்லை. சோதிச்சுப் பாக்க ரெண்டு நாள் இருந்துச்சு. அந்த ரெண்டு நாளை நான் பாட்டுக்குக் குடுத்துட்டேன். தப்பு என்னோடது."

கியோனோ பரவாயில்லை என்று சொல்லவில்லை. சூப் வாங்க ஆட்களைக் கூப்பிடக் கரண்டியால் கிண்ணத்தைத் தட்டும் சத்தம், டிங், டிங் என்று மெதுவாகத் தொடங்கியது. பிறகு இணைப்பு போயிற்று.

மசூதியில் முரசு ஒலித்தது. திரை விலகி, மூடி போட்ட மூன்று டம்ளர்கள் மேஜைக்கு வந்தன. "குடிங்க மாஸ், காலைலேர்ந்து தொண்டை வறண்டிருக்கும்" என்றார் பாக் கார்யந்தோ. ஒரு மிடறு குடித்து நோன்பைத் திறந்துவிட்டு, சேனோ டம்ளரை நகர்த்தி வைத்தான். ரயில் டிக்கெட்டு நாளைக் காலை. பட்டியலைத் தன் பக்கம் இழுத்து, மேலேயிருந்து மறுபடி போன் போட ஆரம்பித்தான்.

சுமிரா மணியடித்த உடனே எடுத்தாள். "தம்பி! அதுக்குள்ள கிடைச்சிடுச்சா?"